ஆடிக் கிருத்திகையும் கோட் ஃப்ரீஸும்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். இத்தனை பேரையும் ஒரே நாளில் இங்கே வரச் சொன்னது யார்?

சித்தூர், நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் புஷ்பக் காவடியோடு வருகிறார்கள். சென்னை, அரக்கோணம், வேலூர் பக்கமிருந்து தமிழ் பேசுகிறவர்கள் வருகிறார்கள். ரயில்வே சிறப்பு ரயில் விடுகிறது. போக்குவரத்துக் கழகம் கூடுதல் பஸ் விடுகிறது. பூக்காரர்கள் சரக்கு எடுத்து வைக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கூட்டம் போட்டுப் பேசியதில்லை. ஒருவருக்கு இன்னொருவர் முதலாளியும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது தேதி மட்டும்தான். ஜனவரியில் வாங்கி மாட்டிய தினசரிக் காலண்டரிலேயே அது அச்சாகியிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. தமிழ் மாதம் சூரியக் கணக்கு. தெலுங்கு மாதம் சந்திரக் கணக்கு. இரண்டு பேரின் பஞ்சாங்கத்திலும் மாதம் ஆரம்பிக்கிற நாளே வேறு வேறு. ஆனாலும் 365 படி ஏறி மேலே போய்ச் சேருவது ஒரே நாளில்! காவடி இன்னும் கட்டி முடிக்கவில்லை, ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் நடக்காது என்று தெரியும். முடிந்தவர்கள் இந்த வருடம் வருவார்கள், முடியாதவர்கள் அடுத்த வருடம் வருவார்கள்.

சரி, இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் உலகம் பல வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிரச்சினை இதேதான். சம்பளம் கொடுக்கிற முதலாளி யாரும் பொதுவாக இல்லாத நூற்றுக்கணக்கான குழுக்கள் எப்படி ஒரே நேரத்தில் வேலையை நிறுத்துவது?

முதலில் கோட் ஃப்ரீஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மார்ச் 31 அன்று சில கடைகளில் 'ஸ்டாக் எடுப்பதால் இன்று விற்பனை இல்லை' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே மறு பக்கம் சரக்கு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தால் கணக்கு ஒருநாளும் டேலி ஆகாது. அதனால்தான் ஆடிட்டர் வந்ததும் கட்-ஆஃப் பார்க்கிறார். கடைசியாகப் போட்ட பில் நம்பர் எது, கடைசியாக உள்ளே வந்த சரக்கு எது என்று குறித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அடுத்த வருடக் கணக்கு.

மென்பொருளிலும் அப்படித்தான். வெளியீட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள். இருப்பதைச் சோதிக்கிறார்கள், பிழை திருத்துகிறார்கள். லினக்ஸில் பலரும் பயன்படுத்துகிற க்னோம் என்ற டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்துவதில்லை. முதலில் புது வசதிகள் சேர்ப்பது நிற்கும். திரையின் தோற்றத்தை மாற்றுவதும் நிற்கும். பிறகு திரையில் தெரிகிற வாசகங்களை மாற்றுவது நிற்கும். இதற்கு ஸ்டிரிங் ஃப்ரீஸ் என்று பெயர். கடைசி நாட்களில் முழு உறைநிலை. அப்போது ஒரு சின்னத் திருத்தம் செய்யவும் அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு மென்பொருளுக்கு இது சரி. ஆனால் ஒரு லினக்ஸ் சிடியில் இருப்பது ஒரு மென்பொருள் இல்லை. கெர்னல் ஒரு குழு, அதன் மேல் உள்ள லைப்ரரிகள் வேறு பல குழுக்கள், டெஸ்க்டாப் ஒரு குழு, பிரவுசர் ஒரு குழு, ஆபீஸ் தொகுப்பு ஒரு குழு. இத்தனையையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பது டெபியன், உபுண்டு, ஃபெடோரா மாதிரியான வழங்கல்கள். ஒவ்வொரு வழங்கலும் ஒவ்வொரு தேதியில் ஃப்ரீஸ் செய்தால் என்ன ஆகும்? ஒருவரிடம் ஒரு மென்பொருளின் போன வருடப் பதிப்பு இருக்கும், இன்னொருவரிடம் இந்த வருடப் பதிப்பு இருக்கும். ஒரே பிழையை மூன்று இடத்தில் மூன்று பேர் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

கம்பெனி அக்கவுண்ட்ஸில் இதே சிக்கல் உண்டு. தாய்க் கம்பெனியும் துணைக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரே ஒருங்கிணைந்த கணக்கு காட்ட வேண்டும் என்றால், எல்லோருடைய கணக்கும் ஒரே தேதியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எத்தனை நாள் வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. பழைய ஏ.எஸ். 21 ஆறு மாதம் வரை அனுமதித்தது. இண்ட் ஏ.எஸ். 110 அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. 2013 கம்பெனிச் சட்டம் ஒரு படி மேலே போய், பொதுவாக எல்லாக் கம்பெனிக்கும் மார்ச் 31தான் வருடக் கடைசி என்று சொல்லிவிட்டது. சட்டம் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஆனால் தன்னார்வலர்களுக்குச் சட்டம் போடுவது யார்?

க்னோம் இதற்குக் கண்டுபிடித்த வழி, காலண்டர். 2002 ஜூனில் க்னோம் 2.0 வந்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற பழக்கத்துக்கு வந்தார்கள். மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒரு வசதி தயாராகவில்லையா? வெளியீடு காத்திருக்காது, அந்த வசதிதான் அடுத்த ஆறு மாதம் காத்திருக்கும். 2004 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்ட உபுண்டு இதைப் பார்த்துத் தன் தேதியை அமைத்துக்கொண்டது. ஏப்ரல், அக்டோபர். அதாவது க்னோம் வந்து சுமார் ஒரு மாதம் கழித்து. யாரும் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. ஒருவர் தன் தேதியை வெளிப்படையாகச் சொல்லி அதைக் காப்பாற்றினார். அதை நம்பி இன்னொருவர் தன் தேதியைக் குறித்துக்கொண்டார். உபுண்டுவும் ஒரு முறை சறுக்கியது. 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பு ஜூன் 1ஆம் தேதிதான் வந்தது. அதனால்தான் அதன் எண் 6.04 இல்லை, 6.06!

டெபியன் இதற்கு நேர் எதிர். 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பதுதான் அவர்கள் கொள்கை. அதில் நியாயமும் உண்டு. அரைவேக்காட்டைக் கொடுப்பதைவிடக் காக்க வைப்பது மேல் அல்லவா? ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று வருடம். தேதி தெரியாததால், ஒவ்வொருவரும் இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துப் புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தால் முடிவு எப்போது வரும்? இதே டெபியனுக்கு 2003 முதல் 2005 வரை தலைவராக இருந்த மார்ட்டின் மிக்கில்மயர், தன்னார்வக் குழுக்களில் வெளியீடு எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்பதையே ஆராய்ந்து 2007இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். வலித்த இடத்தில்தானே கை போகும்?

தேதிக்கு வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கே.டி.இ. 4.0 இரண்டு முறை தள்ளிப்போய்க் கடைசியில் 2008 ஜனவரி 11 அன்று வெளிவந்தது. இது இன்னும் பழுக்கவில்லை என்று பயன்படுத்தியவர்கள் வறுத்தெடுத்தார்கள். தேதி என்பது ஒழுங்கைக் கொடுக்கும், தரத்தைக் கொடுக்காது. தரத்துக்கு ஃப்ரீஸ் காலம் போதிய அளவு நீளமாக இருக்க வேண்டும். தயாராகாததை வெளியே தூக்கி வைக்கிற துணிச்சலும் வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய யோசனை ஒன்று வந்தது. 2008 மே மாதம் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் பெரிய வழங்கல்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை எல்லோரும் ஒரே காலத்தில் வெளியிடலாம், ஒரே கெர்னல், ஒரே கம்பைலர், ஒரே டெஸ்க்டாப் பதிப்பு என்று பேசி முடிவு செய்துகொள்ளலாம், மற்றவர்கள் சேர்ந்தால் உபுண்டுவின் தேதியை மாற்றவும் தயார் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரெட் ஹாட்டும் நாவெலும் தங்கள் கால அட்டவணையை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை.

டெபியனில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2009 ஜூலையில் ஸ்பெயினில் உள்ள காசெரஸ் நகரில் டெபியன் மாநாடு நடந்தது. அங்கிருந்து வெளியீட்டுக் குழு ஓர் அறிவிப்பு விட்டது. இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டிசம்பரில் ஃப்ரீஸ், முதலாவது இந்த டிசம்பரிலேயே! உடனே வீட்டுக்குள் சண்டை. முந்தைய பதிப்பு வந்ததே 2009 பிப்ரவரியில்தான், அதற்குள் மறுபடி ஃப்ரீஸா? எங்களை யார் கேட்டார்கள்? இது உபுண்டுவின் வசதிக்காகக் குறித்த தேதியா? கேள்விகள் பறந்தன. சில நாட்களிலேயே அந்த டிசம்பர் தேதியைக் கைவிட்டார்கள். கடைசியில் ஃப்ரீஸ் நடந்தது 2010 ஆகஸ்டில். வெளியீடு 2011 பிப்ரவரி 6.

இங்கே கதை முடிந்திருந்தால் 'ஒருங்கிணைப்பாவது ஒன்றாவது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த பதிப்புகளின் வருடங்களைப் பாருங்கள். 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025. ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாம் ஒற்றைப்படை வருடம்! மேலிருந்து அறிவித்தபோது எதிர்த்த அதே இரண்டு வருடக் கணக்குக்கு டெபியன் தானாகவே வந்து சேர்ந்தது. இப்போது ஃப்ரீஸ் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அதுவும் படிப்படியாக. 2025 பதிப்புக்கு மார்ச் 15இல் முதல் கட்டம், ஏப்ரல் 15இல் இரண்டாவது, மே 15இல் மூன்றாவது. வெளியீடு ஆகஸ்ட் 9. தேதி மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. கேட்காமல் குறித்ததுதான் கோபம். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது மாதிரிதான். நாள் நல்ல நாளாகவே இருந்தாலும் சம்பந்தியைக் கேட்காமல் பத்திரிகை அடித்தால் தகராறு வராமல் இருக்குமா?

எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஒருங்கிணைப்பு என்பதும் சரியில்லை. எக்லிப்ஸ் என்ற திட்டத்தைப் பாருங்கள். 2006 ஜூனில் கலிஸ்டோ என்ற பெயரில் 10 திட்டங்களை ஒரே நாளில் வெளியிட்டார்கள். 2007இல் 21 திட்டங்கள், 2009இல் 33 திட்டங்கள். எப்படி முடிந்தது? எல்லோருக்கும் அடியில் இருக்கிற திட்டம் முதலில் முடித்துக் கொடுக்கும். அதை நம்பியிருக்கிற திட்டம் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொடுக்கும். அதையும் நம்பியிருக்கிறது அதற்குப் பிறகு. கடைசியில் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெளியீட்டு ரயில்'. பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கோக்கப்படுகின்றன, ஆனால் ரயில் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. க்னோம் மார்ச், உபுண்டு ஏப்ரல் என்பதிலும் இருக்கிற சூத்திரம் இதேதான்.

சரி, இவர்கள் தேதி பிசகினால் திருத்தணிக்கு என்ன வந்தது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடங்கியதே திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் உருவாக்கியது. அது நிற்பது டெபியன் மேல். டெபியனில் இருப்பது க்னோம். க்னோமில் இருக்கிற தமிழ் மெனுக்கள் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. 2000த்தை ஒட்டிய வருடங்களிலிருந்தே தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் இருக்கிற தமிழர்கள் சிலர், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து, காசு வாங்காமல் செய்கிற வேலை அது.

இந்த மொழிபெயர்ப்பாளர்தான் சங்கிலியின் கடைசி ஆள். நிரல் எழுதுகிறவர்கள் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறவரை அவர் தொடங்கினாலும் வீண். ஸ்டிரிங் ஃப்ரீஸ் வந்த பிறகு வெளியீடு வரைக்கும் இருக்கிற சில வாரங்கள்தான் அவருக்கு உண்மையான வேலை நாட்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஆங்கில வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தாலும் போதும். பெரும்பாலான கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுத்துகிற கெட்டெக்ஸ்ட் முறையில், ஆங்கில வரி ஓர் எழுத்து மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு 'சந்தேகத்துக்குரியது' என்று குறிக்கப்பட்டுவிடும். சந்தேகத்துக்குரியதைத் திரையில் காட்ட மாட்டார்கள். தமிழ் போய் அந்த இடத்தில் ஆங்கிலம் நிற்கும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. க்னோமில் 80 சதவீதமாவது மொழிபெயர்த்திருந்தால்தான் ஆதரிக்கப்படும் மொழி என்று வெளியீட்டுக் குறிப்பில் சொல்லி வந்தார்கள். பேச்சுக்கு, மொத்தம் 1000 வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டப்பட்டு 805 முடித்தாயிற்று. கடைசி வாரத்தில் யாரோ பத்து வரியைத் தொட்டுவிட்டார், அந்தப் பத்தும் முடித்த வரிகள். இப்போது 795. பட்டியலில் தமிழ் இல்லை! அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார், அவ்வளவுதான். இந்த மாதிரி நடக்கக் கூடாது என்றுதான் க்னோமில் ஸ்டிரிங் ஃப்ரீஸை மீற மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களில் இரண்டு பேர் சம்மதம் வேண்டும் என்று விதி வைத்தார்கள். பாங்க்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுகிற செக் மாதிரி. நிரல் எழுதத் தெரியாத மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு, நிரல் எழுதுகிறவரை நிறுத்துகிற அதிகாரம்.

நேரம் தவறினால் நஷ்டம் ஒரு வாரத்தோடு போகாது. க்னோமில் தவறியது ஆறு மாதம் கழித்துச் சரியாகலாம். ஆனால் டெபியன் அந்தக் குறையுள்ள பதிப்பை வைத்து ஃப்ரீஸ் செய்துவிட்டால், அடுத்த டெபியன் வரும்வரை, அதாவது இரண்டு வருடம், அது அப்படியே இருக்கும். அதன் மேல் கட்டிய பாஸ் லினக்ஸிலும் இருக்கும். ஒரு முறை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்த பிறகு அதைப் புதுப்பிக்கிற வீடுகள் எத்தனை? திருத்தணியில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் முதன்முதலாகத் தமிழில் மெனுவைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம், மறுபடி தமிழ். இதெல்லாம் தமிழில் சரிப்படாது என்று முடிவு கட்டி ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தத் தமிழைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. மொழிபெயர்த்தவரின் ராத்திரிகள் போனது போனதுதான்.

தேதியை யார் குறித்தாலும், அதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர் தேதி குறிக்கிற இடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஷட்டில்வொர்த் அழைத்தது பெரிய வழங்கல்களை. டெபியனில் சண்டை போட்டது டெபியன்காரர்கள். தமிழ், கன்னடம், நேபாளி மொழிபெயர்ப்பாளர்களிடம் உங்களுக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று தனியாகக் கேட்டுத் தேதி குறிக்கிற பழக்கம் இருந்தால், பல பிரச்சினைகள் வருவதற்கு முன்பே தீர்ந்திருக்கும்.

மறுபடி திருத்தணிக்கு வருவோம். நட்சத்திரம் 27. ஆடிக்கு 31 நாள், சில வருடம் ஒரு நாள் கூடவும் வரும். அதனால் சில வருடங்களில் ஒரே ஆடியில் இரண்டு கிருத்திகை வந்துவிடும். அந்த மாதிரி வருடத்தில் எது திருவிழா என்று கோயிலில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நகரியிலிருந்து ஒரு கூட்டம் முதல் கிருத்திகைக்கு வரும், சென்னையிலிருந்து ஒரு கூட்டம் இரண்டாவதற்கு வரும், சிறப்பு ரயில் எதற்கு விடுவது என்று தெரியாமல் நிற்கும். சென்னைக்காரர் பைக்கில்கூட வந்துவிட்டுப் போய்விடலாம். பத்து நாள் முன்பே விரதம் ஆரம்பித்து, காவடி எடுத்து, ஊரிலிருந்து நடந்தே வருகிறவர்தான் தேதி மாறினால் நொந்து போவார். நாள் குறிக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது அவரைத்தான்.

அடுத்த முறை தமிழ் மெனுவுக்கு நடுவில் ஒரே ஒரு ஆங்கில வரி எட்டிப் பார்த்தால், மொழிபெயர்த்தவர் சோம்பேறி என்று உடனே திட்டிவிடாதீர்கள். அவர் நேரத்துக்கே வந்திருக்கலாம். அவர் வந்த பிறகு யாராவது தேதியை மாற்றியிருக்கலாம்.